இரண்டாம் அத்தியாயத்து உலகம்மை

ஆரியசாலையில் ஒரு வத்தல் மண்டியின் மாடியில் இருக்கிறது முத்தாரம்மன் டி.டி.பி. சென்டர். கீழே மூட்டை மூட்டையாக மிளகாய் வத்தல். மேலே கம்ப்யூட்டர் மூன்று, பிரிண்டர் இரண்டு, உலகம்மை ஒருத்தி. அங்கே அடித்துக் கட்டிய ஆய்வேடு எதுவானாலும் திறந்த மாத்திரத்தில் தும்மல் வரும். ஒருமுறை வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் வாய்மொழித் தேர்வில் ஏட்டைத் திறந்து பதினோரு தும்மல் தும்மி, பன்னிரண்டாவதற்கு மூச்சை இழுத்துக்கொண்டே "பாஸ், பாஸ்" என்று கையைக் காட்டிவிட்டு வராந்தாவுக்கு ஓடினார். அவர் மூக்குக்கண்ணாடி இரண்டாவது வரிசையில் கிடந்தது என்பார்கள். மூன்றாவது வரிசை என்று சொல்பவர்களும் உண்டு. அன்றிலிருந்து பி.எட்., எம்.எட். படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த மாடிப்படி ராசியான படி ஆகிவிட்டது.

உலகம்மை தக்கலைப் பக்கத்துக்காரி. பிளஸ் டூ, அதன் பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர். இருபத்தொரு வயதில், வத்தல் மண்டியில் சரக்குப் பார்க்கும் கோலப்பனைக் கட்டிக்கொண்டு, மலையாளம் பேசும் இந்த நகரத்துக்கு வந்தாள். மலையாளம் கற்றது கிழக்கேகோட்டையில் பஸ் போர்டைப் பார்த்துத்தான். முதல் வாரம் சந்தைக்குப் போகக் கிளம்பி நெடுமங்காட்டில் இறங்கினாள். இரண்டாம் வாரம் கொல்லம். மூன்றாம் வாரத்திலிருந்து போர்டைப் படிக்காமல் ஏறவில்லை.

தட்டச்சு செய்கிறவர்கள் அடிப்பதைப் படிக்க மாட்டார்கள், படித்தால் விரல் தயங்கும். உலகம்மை படித்தாள். இருபத்து மூன்று வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் ஆய்வேடு. பெரும்பாலும் பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக் கொடுப்பது பற்றியவை. எழுதியவர்கள் தங்களுடையதை மட்டும் படித்தார்கள், வழிகாட்டிகள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தார்கள், முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் படித்த ஒரே ஜீவன் வத்தல் மண்டி மாடியில் உட்கார்ந்திருந்தது.

அவளிடம் ஒரு நீளநோட்டு உண்டு. ஒவ்வொரு ஏட்டுக்கும் ஒரு எண். யார் எழுதியது, எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், என்ன செய்து பார்த்தார்கள், என்ன ஆயிற்று. கடைசியில் ஒரு கட்டம்: "எதன் மேல்." அது தொழில் ரகசியம். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருவை ஒழுங்குபண்ணி, ஓரம் விட்டு, அட்டவணை கீறி முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். அதனால் கிட்டத்தட்ட அதே மாதிரியான பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, அதன் மேலேயே புதியதை அடித்துவிடுவாள். எதன் மேல் எதை அடித்தாள், யார் எந்த ஏட்டைப் பார்த்து எழுதினார்கள் என்பதெல்லாம் நோட்டில் இருக்கும்.

ஆய்வேட்டில் இரண்டாம் அத்தியாயம் என்பது, நமக்கு முன்னால் இதே விஷயத்தில் யார் யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்று சொல்லுகிற இடம். நூலகத்தில் மாதக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை. பிள்ளைகளோ நேராக மாடிப்படி ஏறுவார்கள்.

"அக்கா, வாசிப்பு பத்தி ஒரு ரெண்டாம் அத்தியாயம் இருந்தா தாங்கக்கா."

"அடுத்தவ உடுத்த சேலைய உடுத்திட்டுக் கல்யாணத்துக்குப் போவியாட்டி?"

"கான்வகேஷனுக்கே அப்படித்தான் போகப்போறேன்."

உலகம்மை திட்டுவாள். திட்டிக்கொண்டே பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தும் விடுவாள். அந்தக் குணம்தான் போன ஜூன் மாதம் அவள் கழுத்துக்கு வந்தது.

ஒரு திங்கட்கிழமை, மகேஷ்குமார் படியேறி வந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர். பாலராமபுரத்துத் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், படித்தது மலையாளம், பதற்றம் வந்தால் ஆங்கிலம். அன்று ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தார்.

"அர்ஜென்ட், அக்கா. வெரி அர்ஜென்ட். வியாழக்கிழமை மூணு மணிக்கு கமிட்டி. நூத்திப்பத்து பக்கம். அடிச்சு முடிக்கப் பற்றுமா?"

"பற்றும். என்ன விஷயம் சாரே?"

"தமிழ்ப் பிள்ளைங்க படிக்கிற மலையாளம் மீடியம் ஸ்கூல்ல, காலையில இருபது நிமிஷம் தமிழ்க் கதை வாசிக்க விடுறாங்கல்லே? அது வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். இருபத்திமூணு ஆய்வேட்டைச் சேர்த்துப் பார்த்தாச்சு."

"வேணுமா?"

"வேண்டாம். தமிழ் வாசிச்சா மலையாளம் குறையுதுன்னு பதினேழு. கூடுதுன்னு ஆறு. பதினேழுக்கு ஆறு. கிளியர் அல்லே?"

அவர் போனதும் உலகம்மை அடிக்க உட்கார்ந்தாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. வழக்கமான வகுப்பு 19.6, தமிழ்க் கதை படித்த சோதனை வகுப்பு 14.2. முப்பத்து மூன்றாம் பக்கத்தில் மறுபடியும் அதே 19.6, அதே 14.2. முப்பத்து நான்கிலும் அதே. பெயர் வேறு, வருடம் வேறு, கல்லூரி வேறு, எண் மட்டும் மாறவில்லை. நாற்பதாம் பக்கத்துக்கு வருவதற்குள் அவள் விரல் தாளைப் பார்க்காமலே அந்த ஆறு இலக்கங்களை அடிக்கப் பழகிவிட்டிருந்தது. இல்லை, பழகியது இப்போதல்ல. எப்போதோ பழகிய எண்.

நீளநோட்டை இழுத்தாள். எண் 41. ஆவுடைத்தாய், பொன்முடி எஸ்டேட் பள்ளி, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், தினம் இருபது நிமிடம் தமிழ்க் கதை, நான்கு மாதம். அடுத்த கட்டத்தில் அவளுடைய கையெழுத்திலேயே: "மலையாள வாசிப்பு கூடியது."

கூடியதா! பதினேழு பேர் குறைந்தது என்கிறார்களே!

கடைசிக் கட்டம்: "எதன் மேல் - 36."

பழைய ஹார்டு டிஸ்கைத் தூசி தட்டி மாட்டினாள். முப்பத்தாறாம் ஃபைலில் இடப்பக்கத் தலைப்பு வழக்கமான வகுப்பு, வலப்பக்கம் சோதனை வகுப்பு. நாற்பத்தொன்றிலும் அப்படியே. ஆனால் ஆவுடைத்தாய் டீச்சர் ஐந்தாம் அத்தியாயத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார், சோதனை வகுப்புக்குத்தான் 19.6 என்று. டீச்சர் எழுதிக் கொடுத்த தாளில் சோதனை வகுப்பு இடப்பக்கம் இருந்திருக்கிறது. உலகம்மை பழைய அட்டவணைக்குள் எண்களை மாற்றியிருக்கிறாள். தலைப்பை மாற்றவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். பிறகு வந்த பிள்ளைகள் எல்லாம் இரண்டாம் அத்தியாயத்துக்கு அந்த அட்டவணையை மட்டும் வெட்டி ஒட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஐந்தாம் அத்தியாயத்தை ஒருவரும் திறக்கவில்லை. ஒட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

கோலப்பன் டீயோடு மேலே வந்தார். "என்னட்டி, மூஞ்சி பத்தாம் நம்பர் வத்தல் மாதிரி சுருங்கிக் கெடக்கு?"

சொன்னாள். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"இருபது வருசம் ஆச்சு. ஆருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சே."

"உலகம்மை அடிச்சா தப்பு இருக்காதுன்னுதானே நெய்யாற்றின்கரையில இருந்து பிள்ளைய இந்தப் படி ஏறுதுவ? நீயே போய் தப்பு அடிச்சேன்னு சொன்னா, நாளைக்கு ஒண்ணு ஏறுமா?"

"ஏறலேன்னா கீழ வந்து ஒங்ககூட வத்தக் காம்பு கிள்ளுகேன். நான் வாய மூடினா பொன்முடியில அந்த இருபது நிமிசம் போயிரும். அந்தப் பிள்ளைய என்ன தப்பு பண்ணிச்சு?"

கோலப்பன் வைத்த டீயை மறுபடி எடுத்து அவள் கையில் கொடுத்தார். "சரி, கிள்ளு. ஆனா எந்த வத்த மேல எந்த வத்தயக் கிள்ளினேன்னு நோட்டு மட்டும் போடாத."

உலகம்மை போனில் விஷயத்தைச் சொன்னதும், செவ்வாய்க்கிழமை காலை மகேஷ்குமார் மாடிக்கு ஓடி வந்தார். "ஒண்ணு தப்புன்னா போகட்டும் அக்கா. பதினேழு, பதினாறு ஆகும். முடிவு மாறாது."

"சாரே, எங்க தெருவில ஒருத்தி காலையில வாந்தி எடுத்தா, சாயங்காலத்துக்குள்ள அவ முழுகாம இருக்கான்னு பதினேழு வீட்டுல சொல்லுவாளுவ. அதுக்காவ பதினேழு பிள்ளையா பொறக்கும்?"

மகேஷ்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. உலகம்மை கீழே இறங்கி ஒரு கை வத்தல் அள்ளி வந்து தரையில் பரப்பினாள். ஓர் ஆய்வேட்டுக்கு ஒரு வத்தல். இந்தப் பக்கம் பதினேழு, அந்தப் பக்கம் ஆறு. நீளநோட்டைத் திறந்து, எதன் மேல் எது என்று படிக்கப் படிக்க ஒவ்வொரு வத்தலாகத் தூக்கினாள்.

"இது நாப்பத்தொண்ணைப் பார்த்து எழுதினது. பிள்ளையளுக்குப் பரீட்சையே வெக்கல. இது, அதைப் பார்த்து எழுதினது. இது, இதைப் பார்த்து..."

"ஆனா ஆய்வுச் சுருக்கத்துல எல்லாரும் அப்படித்தானே எழுதியிருந்தாங்க!"

"சுருக்கத்தை மட்டும் படிச்சா சுருக்கமாத்தான் தெரியும் சாரே."

பதினான்கு வத்தல் போயிற்று. நாற்பத்தொன்றாம் வத்தலை எடுத்து மறுபக்கம் போட்டாள். இந்தப் பக்கம் மிச்சம் இரண்டு! அந்தப் பக்கம் ஏழு! மகேஷ்குமார் துள்ளி எழுந்தார். கண்ணாடி மூக்குநுனிக்கு வந்துவிட்டது.

"ரெண்டுக்கு ஏழு! அக்கா! கமிட்டித் தலைவர் மேடத்தை இப்பவே கூப்பிடுறேன்!"

"இரியுங்க சாரே. அந்தப் பக்கமும் பெருக்கணும்."

ஏழில் இரண்டு, ஒரே ஆள் ஒரே பிள்ளைகளை வைத்து எம்.எட்.டுக்கு ஒரு தடவையும் எம்.பில்.லுக்கு ஒரு தடவையும் எழுதியது. அதில் ஒன்றை எடுத்தாள். இன்னும் இரண்டில், ஒப்பிட்டுப் பார்க்க வேறு வகுப்பே இல்லை. சும்மாவே நான்கு மாதத்தில் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகப் படிக்கத்தானே செய்யும்? அந்த இரண்டையும் எடுத்தாள். மகேஷ்குமார் பல்லைக் கடித்தார்.

"அதை விட்டிருக்கலாமே அக்கா. நமக்குச் சாதகமானதுதானே?"

"நம்ம பக்கத்துச் சொத்தையையும் பொறுக்கினாத்தான் அது சரக்கு. கீழ வந்து எங்க வீட்டுக்காரர்ட்ட கேளுங்க."

கடைசியில் இரண்டுக்கு நான்கு. இருபத்து மூன்று என்று வந்தது ஆறாகிவிட்டது. ஆனால் அந்த ஆறும் உண்மையிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துப் பரீட்சை வைத்த ஆறு. மகேஷ்குமார் வத்தலைத் தொட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரைமணி நேரம் குழாயடியில் நின்றார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது, மூளை தெளிந்திருந்தது.

"அட்டவணை தப்பா, அஞ்சாம் அத்தியாயம் தப்பான்னு மேடம் கேப்பாங்க. பிள்ளைங்களோட மார்க் லிஸ்ட் இல்லாம நான் வாய் திறக்க முடியாது. நாற்பத்தொண்ணு நிக்கலேன்னா எதுவும் நிக்காது."

"டீச்சர் இன்னும் பொன்முடியிலதான் இருக்காங்களாம். காலையில முதல் பஸ்."

புதன்கிழமை. பொன்முடிக்கு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவில் மகேஷ்குமார் பேச்சை நிறுத்தினார். பன்னிரண்டாவதில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். பதினெட்டாவதில் கண்டக்டரே பஸ்ஸை நிறுத்தி, "சார் இறங்கி வேலையை முடிச்சிட்டு வரட்டே" என்றார். அந்த இடத்தில் தேயிலை இப்போது அதிகம் துளிர்க்கிறதாம். நான் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் மூடுபனிக்குள் இருந்தது. வாசலில் நின்ற ஆவுடைத்தாய் டீச்சர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம், அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர், இருபது வருடத்துக்குப் பிறகும் ஆளைக் கண்டுகொண்டார்.

"ஏளா, வத்த மாடி உலகம்மைதான நீ! நீ கட்டித் தந்த ஏட்டைத் தெறந்து அந்தத் தேர்வாளர் தும்மின தும்மு இருக்கே! ஒரு கேள்வி கேக்கல. நானும் பயந்துபோய் என் காப்பியைப் பெட்டியில போட்டுப் பூட்டினவதான், இன்னும் தெறக்கல."

ஆக, அந்தத் தேர்வாளர் அட்டவணையைப் பார்க்காமல் போனதும் இவருடைய ஏட்டில்தான். உலகம்மை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நடந்ததை ஒரு எழுத்து குறைக்காமல் சொன்னாள். டீச்சரின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"இருபது வருசமா கீழ ஊரெல்லாம், என் பேரைச் சொல்லி, என் பிள்ளைய தோத்துப்போச்சுன்னா எழுதியிருக்காவ?"

"ஆமா டீச்சர்."

"பதினாலு பேரு. ஒருத்தருகூட அஞ்சாம் அத்தியாயத்தத் தெறக்கல?"

"ஒருத்தரும் தெறக்கல."

டீச்சர் மகேஷ்குமார் பக்கம் திரும்பினார். "நீங்க, சார்?"

மகேஷ்குமார் மூடுபனியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம், எதையோ இழுக்கும் சத்தம், எதுவோ விழும் சத்தம். உலகம்மை வாசற்படி வரை போய் எட்டிப் பார்த்தாள். கிடைக்காவிட்டால்? கரையான் தின்றிருந்தால்? பத்து நிமிடம் கழித்து டீச்சர் ஒரு ரெஜிஸ்டரோடு வந்தார். முப்பத்தெட்டுப் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கதை படித்த பிள்ளையா படிக்காத பிள்ளையா என்ற குறி, முதல் பரீட்சை மார்க்கு, கடைசிப் பரீட்சை மார்க்கு. மகேஷ்குமார் செல்போனில் கூட்டினார். நம்பாமல் இன்னொரு தடவையும் கூட்டினார். கதை படித்த பத்தொன்பது பிள்ளைகளுக்கும் சராசரி பத்தொன்பது புள்ளி ஆறு!

"ஓ!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. கையில் தமிழ்க் கதைப் புத்தகம் வைத்திருந்த ஒரு சிறுமி நேராக வந்து, அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் மலையாள எழுத்தை ஒரு தடங்கல் இல்லாமல் படித்து முடித்தாள். பிறகு தமிழில் கேட்டாள்:

"பதினெட்டாவது வளைவுல வாந்தி எடுத்த சார் நீங்கதானா?"

செய்தி பஸ்ஸுக்கு முன்னால் மலை ஏறியிருந்தது.

டீச்சர் ரெஜிஸ்டரைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உலகம்மையின் கையில் கொடுத்தார். "இதைத் திருப்பிக் கொண்டு வரணும். அந்த இருபது நிமிசத்தையும் சேத்துக் கொண்டு வரணும். கேட்டியாளா?"

வியாழக்கிழமை மூன்று மணி. கமிட்டியில் ஏழு பேர். தலைவர் ஸ்ரீலக்ஷ்மி மேடம், குரலை உயர்த்தாமலே மற்றவர்களை உட்கார வைக்கிறவர். மகேஷ்குமார் உள்ளே பேச, உலகம்மை வராந்தாவில் நீளநோட்டையும் ரெஜிஸ்டரையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

"மிஸ்டர் மகேஷ்குமார், திங்கட்கிழமை பதினேழுக்கு ஆறு. இன்னைக்கு ரெண்டுக்கு நாலு. எந்தா இது, ஃபுட்பால் மேட்சா?"

"மேடம், டைப்பிங்ல ஒரு..."

"டைப்பிஸ்ட் தலையில வைக்கிறது ஈஸி, எளுப்பமல்லே? எல்லா ரிசர்ச்சர்களும் அதைத்தான் சொல்வாங்க. எந்த டைப்பிஸ்டாவது வந்து ஆமா, நான்தான்னு சொன்னதை நான் இதுவரை கேட்டதில்லை."

உலகம்மை எழுந்தாள். கால் தானாகவே உள்ளே கொண்டுபோய் விட்டது.

"ஆமா மேடம், நான்தான். ஆரியசாலை, முத்தாரம்மன் டி.டி.பி. ரெண்டாயிரத்து நாலு, மார்ச் மாசம். நாப்பத்தொண்ணாம் ஏடு. முப்பத்தாறு மேல அடிச்சேன். எண்ணை மாத்தினேன், தலைப்பை மாத்தல."

ஒருவர் ரெஜிஸ்டரை வாங்கி, கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். மேடம் உலகம்மை கையிலிருந்த நீளநோட்டைச் சுட்டிக்காட்டினார்.

"பதினாலு பேரும் அதைப் பார்த்துத்தான் எழுதினாங்கன்னு எப்படித் தெரியும்?"

உலகம்மை வாசிக்க ஆரம்பித்தாள். ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்றைப் பார்த்து. அறுபது, ஐம்பத்திரண்டைப் பார்த்து. எழுபத்தொன்று, அறுபதைப் பார்த்து. எண்பத்தெட்டு... நிறுத்திவிட்டாள்.

"எண்பத்தெட்டு?"

"இதை இப்ப வாசிக்கணுமா மேடம்?"

"யாருடையது?"

மகேஷ்குமார் தன் செருப்பின் வாரைப் பரிசோதித்தார். அவருக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்.

"மேடத்தோடது," என்றாள் உலகம்மை. "ரெண்டாயிரத்து எட்டு. நீலக்கலர் அட்டை வேணும்னு சொன்னியளே."

கண்ணாடியைக் கழற்றினார் மேடம். துடைத்தார். மறுபடி மாட்டினார். மற்ற ஆறு பேரும் மேசையில் ஏதோ பொறிக்கப்பட்டிருப்பதுபோல் குனிந்திருந்தார்கள். பிறகு அந்த மனுஷி சிரித்தார். சின்னதாக ஆரம்பித்து, தோள் குலுங்க.

"அட்டவணையை மட்டும்தான் எடுத்தேன், உலகம்மை. ஐந்தாம் அத்தியாயம் தும்மல் வருதுன்னு திறக்கலே. வாசிங்க. உறக்கெ, எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க. எண்பத்தெட்டு, எதைப் பார்த்து?"

"எழுபத்தொண்ணைப் பார்த்து, மேடம்."

ஐந்து மணிக்கு முடிவு வந்தது. இருபது நிமிடம் தொடரும். எதிராகச் சொன்ன இரண்டு ஆய்வும் ஐம்பது பிள்ளைக்குப் பத்துப் புத்தகம் இருந்த வகுப்பில் நடந்தவை என்பதால், முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புத்தகம், இரண்டு வருடம் கழித்து மறுபடி பரிசோதனை. ஆறு ஆய்வை வைத்துக்கொண்டு அதற்குமேல் அடித்துச் சொல்ல முடியாது என்றும் அறிக்கையில் எழுத வேண்டும். பிழை எங்கே புகுந்தது, யார் கையால், யார் நோட்டால் கண்டுபிடிக்கப்பட்டது என்பதும் பெயரோடு இருக்க வேண்டும். பார்த்து எழுதியவர்கள் பட்டியலும் இருக்க வேண்டும். "எண்பத்தெட்டு உட்பட," என்றார் மேடம்.

ரெஜிஸ்டர் வெள்ளிக்கிழமை காலை மகேஷ்குமாரோடு மலை ஏறியது. அவர் வெறும் வயிற்றில் போனார். உலகம்மை அறிக்கையை அடிக்க உட்கார்ந்தாள். பழைய ஃபைல் எதையும் திறக்கவில்லை. வெறும் பக்கம் எடுத்து, ஓரம் விட்டு, கட்டம் கீறினாள். "பிழை நேர்ந்த இடம்: தட்டச்சு. தட்டச்சு செய்தவர்: ஆ. உலகம்மை" என்று அடித்துவிட்டு ஒருமுறை படித்தாள். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. பிறகு அட்டவணை. அதை அடித்து முடித்ததும் பொன்முடிக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், ரெஜிஸ்டரைக் கையில வெச்சிருக்கியளா? நான் வாசிக்கேன், நீங்க சரி பாருங்க. இடப்பக்கத் தலைப்பு, சோதனை வகுப்பு."

"ஆங்."

"அதுக்குக் கீழ பத்தொம்பது புள்ளி ஆறு."

"சரி."

"வலப்பக்கம்..."

சிக்னல் போய்விட்டது. மலையில் பனி இறங்கியிருக்கும். கோலப்பன் படியில் நின்று, "அதான் ஒனக்குத் தெரியுமேட்டி, அடிச்சுத் தள்ளு" என்றார். உலகம்மை பிரிண்டர் பக்கமே போகவில்லை. படியில் புதுசாக வந்து நின்ற இரண்டு எம்.எட். பிள்ளைகளையும் உட்காரச் சொன்னாள். முக்கால் மணி நேரம் கழித்துப் போன் மணி அடித்தது. எங்கோ மேடேறி நின்று பேசுகிற மூச்சிரைப்பு. பின்னால் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கிற இரைச்சல்.

"வலப்பக்கம் வழக்கமான வகுப்புளா! பதினாலு புள்ளி ரெண்டு! இப்ப அடி!"